வேடியப்பன் கல்லும் அரை டிக்கெட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் கோடை விடுமுறைக்குப் போகவேண்டிய இடங்கள் என்று ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. ஊட்டி, ஏற்காடு, ஒகேனக்கல், பெங்களூருவில் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா. ஒகேனக்கல் எங்கள் மாவட்டத்து அருவி, அதை நான் குறை பேச மாட்டேன். மற்ற இடங்களுக்கு ஒரு குடும்பம் போய்வர என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே பேனாவால் கூட்டிப் பார்த்தேன். முப்பது வருடம் காசு எண்ணிய கை சும்மா இருக்காது. கூட்டி முடித்ததும் பேப்பரை மடித்து டிவி மேல் வைத்துவிட்டேன். எங்காவது ஒரு மூலையில் மியூசியம் என்று ஒரு வார்த்தை இருக்கிறதா என்று மறுபடியும் எடுத்துத் தேடினேன். இல்லை. மே 18 உலக அருங்காட்சியக தினம் வேறு வருகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள், எனக்கு வெட்டத் தெரியாது.

நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பஸ்ஸின் பக்கவாட்டில் 'அன்னை சத்யா' என்று எழுதியிருக்கும். பிறகு பெயர் மாறியது, நிறம் மாறியது, கையில் இருந்த டிக்கெட் கட்டு போய் மெஷின் வந்தது. ரூட் மட்டும் மாறவில்லை. அரூர், பென்னாகரம், பாலக்கோடு, கடத்தூர், பாப்பாரப்பட்டி என்று தர்மபுரியைச் சுற்றியே என் காலம் ஓடிவிட்டது. தர்மபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம், அதாவது பழம்பொருட்களை வைக்கும் மியூசியம், ஒன்று இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் "மியூசியம் எறங்கணும்" என்று ஒருவர்கூட என்னிடம் டிக்கெட் கேட்டதில்லை, "மியூசியம் எறங்குறவங்கல்லாம் வாங்க" என்று நானும் ஒருநாள் கத்தியதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், "பழைய கல்லுங்க" என்று சொல்லியிருப்பேன். மெட்ராசில் இருந்த என் சித்தப்பா எழும்பூர் மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்பார், மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. அந்தக் காலத்து மெட்ராஸ்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் சொல்வார்களாம். செத்த காலேஜுக்குப் போய் நமக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டேன்.

போன வருடம் இதே மே மாதம். மகளுக்கு ஆதாரில் ஒரு திருத்தம். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவள், "அப்பா, இதுங்க ரெண்டையும் கொஞ்ச நேரம் எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்று பிள்ளைகளை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டாள். பேத்திக்கு அப்போது பதினொன்று, பேரனுக்கு ஏழு. கரும்பு ஜூஸ் ஆயிற்று, பஸ் ஸ்டாண்டு ஒரு சுற்று ஆயிற்று. தர்மபுரி வெயிலில் அதற்குமேல் சுற்ற முடியாது. நிழல் இருக்குமே என்றுதான் உள்ளே நுழைந்தோம். வரலாற்று ஆர்வம் என்று எழுதினால் என் பேத்தியே சிரிப்பாள்.

உள்ளே நடுகற்கள், செத்துப்போன வீரர்களுக்கு நட்ட கற்கள், வரிசையாக நிற்கின்றன. முதல் இரண்டைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பேத்திதான் மூன்றாவதன் முன்னால் நின்று என் சட்டையை இழுத்தாள்.

"தாத்தா, இது நம்ம சாமி."

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்து ஓரம், புளியமரத்தடியில் எங்கள் குலசாமி வேடியப்பன் நிற்கிறார். இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகைக் கல். எண்ணெய், மஞ்சள், குங்குமம், அதற்குமேல் வருடா வருடம் எனாமல் பெயின்ட். வில் பிடித்த ஆள் என்பது மட்டும் மங்கலாகத் தெரியும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் வேடியப்பன் கோயில் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அந்தப் பெயர் வைத்தவர்கள் என் பஸ்ஸில் ட்ரிப்புக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். பல ஊர்களில் அந்த வேடியப்பன், என்றைக்கோ சண்டையில் செத்துப்போன ஒரு மனுசனுக்கு நட்ட கல் என்பது எனக்கு அறுபது தாண்டும்வரை தெரியாது. தெரிந்திருந்தால் படையல் வைக்கும்போது அவன் பெயர் என்ன என்றாவது யோசித்திருப்பேன்.

கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது. அங்கிருந்த பணியாளர் பார்த்துவிட்டு, "நெறையப் பேரு கழட்டுறாங்க ஐயா. போட்டுக்கங்க, ஒண்ணும் ஆவாது" என்றார். நான் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் சாமியிடம் பெயின்டுக்கு அடியில் மறைந்து கிடப்பதெல்லாம் இங்கே வெளியில் தெரிகிறது. ஒரு பக்கமாகச் சாய்த்து முடிந்த கொண்டை. இடது கையில் வில், வலது கையில் குறுவாள். இடுப்பில் கச்சை, அதன் முனை தொடைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஒரு கால் முன்னே எட்டி வைத்திருக்கிறது, ஓடுகிற ஆளின் கால். உடம்பில் அம்பு தைத்திருக்கிறது. பேரன் விரலை நீட்டி அம்புகளை எண்ணினான். காலருகில் மூக்கு வைத்த ஒரு சின்னக் கெண்டியும் பக்கத்தில் ஒரு சிமிழும் செதுக்கியிருந்தார்கள். "சண்டைக்குப் போறவன் தண்ணி சொம்பு எடுத்துட்டா போனான்?" என்று கேட்டான். "செத்தவனுக்கு நாம வைக்கிற படையல் மாதிரி இருக்கும்டா" என்றேன். அப்படித்தானா என்று பணியாளரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

படத்துக்கு மேலே எழுத்து. வட்டெழுத்து, தமிழை அந்தக் காலத்தில் எழுதிய ஒரு வகை எழுத்து என்றார் பணியாளர். எனக்கு அது புழு நெளிந்த மாதிரிதான் இருந்தது. எப்படிப் படிப்பது என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஒன்று புரிந்தது. இந்தக் கல்லும் ஒரு டிக்கெட்தான். எங்கள் டிக்கெட்டில் மேலே போக்குவரத்துக் கழகத்தின் பெயர், பிறகு டெப்போ, ஸ்டேஜ், காசு என்று ஒரு வரிசை உண்டு. கல்லிலும் வரிசை தவறுவதில்லை. முதலில் அந்தக் காலத்து அரசன் பெயர், அவன் பட்டத்துக்கு வந்து எத்தனையாவது வருடம், பிறகு அந்தப் பகுதித் தலைவன், கடைசியில் எதிரிகள் ஓட்டிப்போன மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன் பெயர். பல்லவ அரசன் மகேந்திரவர்மன் என்றால் மாமல்லபுரம், காஞ்சிபுரம் என்றுதான் பள்ளியில் படித்திருக்கிறேன். அவன் பெயரில் வருடம் போட்டு நம் பக்கத்து மாட்டுக்காரனுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. எங்கள் டிக்கெட்டில் பயணி பெயருக்கு இடம் கிடையாது.

இந்தக் கற்களில் திரும்பத் திரும்ப வருகிற இரண்டு சொற்களைப் பேத்தி நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒன்று தொறு. மாட்டு மந்தை. இன்னொன்று பட்டான். "பட்டான்னா என்ன தாத்தா, அடிபட்டானா?" என்றாள். எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. பிறகு, நம் கிணற்று மேட்டுத் தென்னை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "பட்டுப்போச்சு" என்றாள். சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய கல்லில் இருக்கிற சொல்லை அவள் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள்.

பேரனுக்கு அலுப்பு வந்துவிட்டது. அவனைப் பிடித்து நிறுத்தியது பணியாளர் சொன்ன ஒரு நாயின் கதை. இந்த மியூசியத்துக் கல் இல்லை, பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூர்க் கல். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆண்டு. மாட்டை மீட்கப் போன கருந்தேவகத்தி என்பவன் செத்துவிட்டான். அவனோடு போன நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாம். கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோவிவன். பணியாளர் இதைச் சொல்லி முடித்ததும் பேரன் வாயைத் திறந்தபடி நின்றான். எங்கள் தெருவில் ஒரு செவலை நாய் உண்டு, அதுவரை அதற்குப் பெயரே இல்லை. அன்று சாயங்காலத்திலிருந்து அது கோவிவன். இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. கறிக்கடைக்காரர் மட்டும் 'கோவிந்தா' என்கிறார்.

ஒரு மணி நேரம் இருந்திருப்போம். மகள் போன் செய்தாள், வேலை முடிந்துவிட்டது. திரும்பும்போது டவுன் பஸ்ஸில் மகளுக்கும் பேத்திக்கும் இலவசம், பேரனுக்கு அரை டிக்கெட், எனக்கு முழு டிக்கெட். ஊட்டிக் கணக்கைக் கூட்டிய அதே பேனாவால் இதையும் எழுதி வைத்திருக்கிறேன். கரும்பு ஜூஸ்தான் பெரிய செலவு.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாரும் சேர்ந்து கிருஷ்ணகிரி போனோம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை மியூசியம் திறந்திருக்கும் என்பதை அவர் நம்பவே இல்லை. காந்தி சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் 1993-ல் தொடங்கியது. அப்போது கிருஷ்ணகிரியும் எங்கள் மாவட்டம்தான், 2004-ல்தான் தனியாகப் போனார்கள். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர். பத்து வருடம் பக்கத்துத் தெருவில் டியூஷன் போயிருக்கிறார். உள்ளே வந்தது அன்றுதான்.

அங்கே என் வீட்டுக்காரம்மாதான் எங்களை மிஞ்சிவிட்டாள். வந்ததிலிருந்து, "முட்டி வலிக்குது, நான் ஒக்காந்துக்கறேன்" என்றிருந்தவள், கற்கோடரி வைத்திருந்த பெட்டிக்கு முன்னால் நின்றாள். ஒரு பக்கம் கூராக, மறுபக்கம் கைக்கு அடங்கும்படி, எண்ணெய் தேய்த்த மாதிரி வழவழவென்று இருக்கும் கற்கள். "ஏங்க, இது கல்லு மேல கல்லு வெச்சு தேச்சது. ஒரு நாள்ல தேயாது. எங்கம்மா ஊட்டு அம்மிக் கொழவி இப்படித்தான் இருக்கும்" என்றாள். புதிய கற்காலத்தில் இவற்றைத் தேய்த்துத் தேய்த்துத்தான் மெருகேற்றினார்கள் என்று பலகையில் இருந்ததை மாப்பிள்ளை படித்துக் காட்டினார். "அதைத்தான நானும் சொன்னேன்" என்றாள். முட்டி வலியைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. நீங்கள் சொன்ன ஏற்காட்டில்கூட இப்படிப்பட்ட கற்கோடரிகளை மலைக் கிராமத்துக்காரர்கள் பிள்ளையார் என்று மரத்தடியில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். ஏற்காடு போகிறவர்கள் படகு சவாரியோடு திரும்பிவிடுகிறார்கள், பாவம்.

மாப்பிள்ளை இரும்போடு வேலை செய்கிறவர். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழாய்வு செய்து, கி.மு. 2172 அளவிலேயே இங்கே இரும்பு புழங்கியிருக்கிறது என்று 2022-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்களே, அதைப் பற்றி அன்று வெளியில் வந்து டீ குடிக்கும்போது பேச்சு வந்தது. "நாலாயிரம் வருசமா மாமா?" என்று இரண்டு முறை கேட்டார். அவர் கம்பெனியில் ஒரு லோடு இரும்பு துரு பிடித்தால் மெமோ கொடுப்பார்களாம்.

ஓசூரில் இருந்துகொண்டு பக்கத்துத் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு நினைவு இல்லமாக இருப்பதும் அவருக்குத் தெரியாது. 1878-ல் பிறந்தவரின் வீடு, பார்க்க அரை மணி போதும். எங்கள் பக்கம் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா 1925-ல் காலமான இடத்தில் அவருக்கு மணிமண்டபம் உண்டு. பாப்பாரப்பட்டி வண்டியில் எத்தனை வருடம் போயிருப்பேன்! வண்டி நிற்கிற லே ஓவர் நேரத்தில் டீ குடித்துவிட்டு டிக்கெட் கணக்குத் தாளான வே பில் எழுதுவேனே தவிர, ஒருநாள் எட்டிப் பார்த்ததில்லை. பேரன் அடுத்து பெரம்பூர் ரயில் மியூசியம் என்கிறான். பேத்தி, கோயம்புத்தூரில் 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் என்கிறாள். அதற்கெல்லாம் பென்ஷன் வரட்டும்.

ஒரு நாள் ஏமாந்தும் போனோம். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், எங்கள் இரண்டு மாவட்டமும் இல்லை. இரண்டு பஸ் மாறி, புளிசோறு கட்டிக்கொண்டு போய் இறங்கினால் கேட்டில் பூட்டு. அன்று இரண்டாம் சனிக்கிழமை. மாவட்ட அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் லீவு என்பது விதி. விதி தெரியாமல் போனது என் தப்பு. ஆனால் இரண்டாம் சனி என்பது பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் லீவு விடுகிற நாள். குடும்பத்தோடு கிளம்ப முடிகிற நாளில் கதவைச் சாத்திவிட்டுச் செவ்வாய்க்கிழமை திறந்து வைத்தால் யார் வருவார்கள்? தீபாவளிக்கு முந்தின நாள் வண்டியை டெப்போவில் நிறுத்திவிட்டு, தீபாவளி முடிந்து ஸ்பெஷல் பஸ் விடுகிற மாதிரி இருக்கிறது. அன்று புளிசோற்றை எதிரில் இருந்த கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தோம். பேரன் அந்த ஊரை இன்னும் 'பூட்டு ஊரு' என்கிறான்.

என்னுடைய முக்கியமான வேண்டுகோள் கதவைப் பற்றியது இல்லை, பலகையைப் பற்றியது. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று இல்லை, பொதுவாக எந்த மியூசியத்திலும் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் 'நடுகல், கி.பி. 7-ஆம் நூற்றாண்டு, இன்ன வட்டம்' என்று இருக்கும். துறைக்காரர்களுக்கு அது போதும். நான் முப்பது வருடம் ஊர்ப் பெயர் கத்தியவன், எனக்குப் போதவில்லை. வட்டம் என்பது ஊர் இல்லை. அரூர் வட்டம் என்றால் எந்த ஸ்டாப்? கச்சேரிமேட்டில் இறங்கவேண்டுமா, அதைத் தாண்டி மலையடிவாரத்துக்கா? ஒரு கல்லில் ஊர்ப் பெயர் இருந்தது. படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஊர் ஸ்டேஜில் ஒரு பாட்டி தினமும் கீரைக்கூடையோடு ஏறுவாள், லக்கேஜ் போடக் கூடாது என்று என்னோடு சண்டை பிடிப்பாள். அந்த ஊர்க் கல்லா இது? பேத்தியிடம் அந்தப் பாட்டியைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பலகையிலும் ஊர்ப் பெயரைத் தேடி, "இது உங்க ரூட்டா தாத்தா, இது உங்க ரூட்டா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பிள்ளைகளுக்கு நூற்றாண்டு மனதில் நிற்காது, ஊர் நிற்கும்.

அதனால் கேட்கிறேன். கல் எந்த ஊரில் எந்த இடத்தில் கிடைத்தது, ஏரிக்கரையா, தோட்டமா, என்பதைப் பலகையில் எழுதுங்கள். அந்த ஊருக்கு எந்தப் பஸ் போகும் என்றும் எழுதலாம். சிரிக்காதீர்கள், அதைத்தான் மக்கள் படிப்பார்கள். கல்லில் இருக்கும் எழுத்தைப் பழைய தமிழில் ஒரு வரியும், வீட்டில் பேசுகிற தமிழில் ஒரு வரியும் போடுங்கள். "இன்னாருடைய மகன், மாடு பிடித்துக்கொண்டு போனவர்களோடு சண்டை போட்டு மாட்டை மீட்டான், அந்தச் சண்டையில் செத்தான், இது அவன் கல்" என்று இருந்தால் ஏழு வயதுப் பையன் எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவான். இன்னொன்றும் உண்டு. கல் கிளம்பி வந்த ஊரில், பஸ் நிழற்குடையிலோ பள்ளிக்கூடச் சுவரிலோ, 'நம் ஊர்க் கல் ஒன்று தர்மபுரி மியூசியத்தில் இருக்கிறது' என்று ஒரு சின்னப் பலகை வையுங்கள். தன் ஊர்க் கல்லைப் பார்க்க ஒரு வண்டி ஆள் வருமா வராதா? நான் நடத்துநராகச் சொல்கிறேன், வரும்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு பேச்சு. முதலில் சோறு போட்டுக் கூட்டிப் போங்கள். எல்லாவற்றையும் பார்க்கவேண்டும் என்று இழுக்காதீர்கள். ஆளுக்கு ஒரு கல்லோ ஒரு பெட்டியோ போதும், அதன் முன்னால் உட்கார்ந்து வரையச் சொல்லுங்கள். சின்ன மியூசியத்தில் கூட்டம் இருக்காது, அங்கே வேலை செய்கிறவர் பேச்சுக்கு ஆள் கிடைக்காதா என்று இருப்பார். அவரிடம் கேளுங்கள், பலகையில் இல்லாததெல்லாம் அவர் வாயில் வரும். எங்களுக்குக் கோவிவன் அப்படித்தான் கிடைத்தது. பெரிய ஊர் மியூசியத்தில் இந்தக் கொடுப்பினை கிடையாது.

என் பேத்திக்கு இந்த மியூசியப் பைத்தியம் பிடித்ததில் என் பழைய பையும் தப்பவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் தோல் பை, உள்ளே ஒரு விசில், விற்காமல் எப்படியோ தங்கிவிட்ட ஒரு துண்டு டிக்கெட் கட்டு. அட்டையில் எழுதி அதன்மேல் குண்டூசி குத்தியிருக்கிறாள்: 'பை. தோல். தாத்தா. எல்லா ஸ்டாப்பிலும் கிடைத்தது. தொடலாம்.'

மியூசியத்துக்குப் போய்வந்ததால் எங்கள் பங்காளிகளுக்குள் வந்த சண்டையையும் எழுதிவிடுகிறேன். எங்கள் தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர், ஔவையார் இருந்த ஊர். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனபோது, அவன் தன் ஆயுதச்சாலையைத் திறந்து காட்டினான் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. எல்லாம் நெய் பூசி, மயில்பீலி சாத்தி, மாலை போட்டுப் பளபளவென்று இருந்ததாம். பார்த்துவிட்டு ஔவையார், எங்கள் ஆள் வேல்களெல்லாம் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாளாம். புழங்குகிற சாமானுக்குப் பளபளப்பு எதற்கு என்று குத்திக் காட்டியிருக்கிறாள். பேத்தி பாடப் புத்தகத்திலிருந்து இதை வாசித்தபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் கதை தலைகீழ். புழக்கத்தில் இருக்கும் எங்கள் வேடியப்பன்தான் எண்ணெயும் எனாமலும் பூசி, மாலை போட்டு, ஆள் அடையாளமே தெரியாமல் நிற்கிறார். மியூசியத்தில் யாரும் கும்பிடாத கல்லில்தான் அம்பு முனைவரைக்கும் தெரிகிறது. அந்தக் காலத்தில் நடுகல்லுக்கு நீராட்டுவதைத் தொல்காப்பியம் நீர்ப்படை என்கிறது. நாங்களும் கல்லுக்கு முதலில் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெயின்ட் டப்பா எப்போது உள்ளே வந்தது என்று பெரியவர்கள் யாருக்கும் நினைவில்லை.

இந்த வருடம் ஆடிக்குள் மேடை கட்டி, கல்லைச் சுற்றி டைல்ஸ் ஒட்டி, கல்லுக்குத் தங்க நிறப் பெயின்ட் அடிப்பது என்று பங்காளிகள் தலைக்கட்டு வரி வசூலித்து முடித்திருந்தார்கள். நானும் கொடுத்திருந்தேன். மியூசியம் போய்வந்த பிறகு ஒருநாள் காலையில் தனியாகப் போய்க் கல்லின் மேல்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன். பெயின்ட் கனத்துக்கு அடியில் வரி வரியாக ஏதோ தட்டுகிறது. உளித் தழும்பா, எழுத்தா, தெரியவில்லை. சுரண்டவில்லை. கம்பி பிரஷ், ஆசிட் எதையும் கிட்டே கொண்டுபோகக் கூடாது, எழுத்தே போய்விடும் என்று மியூசியத்தில் சொல்லியிருந்தார்கள். அவர்களிடமே போய்ச் சொன்னேன். வந்து பார்க்கிறோம் என்றார்கள். ஊருக்குத் திரும்பி, அவர்கள் பார்க்கிற வரைக்கும் யாரும் கல்லில் கை வைக்கக் கூடாது என்று பஞ்சாயத்தில் நின்று பேசினேன். ஓய்வு பெற்ற பிறகு நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றுதான்.

எங்கள் மூத்த பங்காளி ஒருவர் அதற்குப் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "எழுத்து இருந்து, படிச்சுப் பாத்து, அது நம்ம ஆளே இல்ல, வேற எவனோட கல்லோன்னு சொல்லிட்டா என்னப்பா பண்றது?"

எனக்கும் அந்தப் பயம் உண்டு. இன்னும் யாரும் வந்து பார்க்கவில்லை. டைல்ஸ் பெட்டிகள் பிரிக்காமல் என் மாட்டுக் கொட்டகையில் அடுக்கியிருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
நல்லம்பள்ளி, தர்மபுரி மாவட்டம்.

(பெயரைப் போட வேண்டாம். பங்காளிகளும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.)